ஊசியை எடுக்கும் முன் கேள்வி கேட்கிற டாக்டர்: மடிப்பாக்கம் பக்கம் ஒரு சின்ன பெட் கிளினிக்

குட்டிப் பூனைக்கு வயிற்றுப்போக்கு, கூடவே நடவடிக்கையும் ஒரு மாதிரியாக இருக்கிறது, யாரிடம் காட்டுவது என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மடிப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சின்ன கிளினிக் இது. ஒரு டாக்டர் அம்மா, உதவிக்கு ஒரு அண்ணன், அவ்வளவுதான். உட்கார நாலு நாற்காலி, சுவரில் ஒரு ஃபேன். பளபளப்பான இடம் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு ஏன் பிடித்தது என்றால், ஊசியை எடுப்பதற்கு முன்னால் இங்கே கேள்வி கேட்கிறார்கள், குட்டியைத் தலையிலிருந்து வால் வரைக்கும் தொட்டுப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் மருந்துப் பேச்சே.

எங்கள் மிளகு கறுப்புக் குட்டி. அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் தாயைப் பிரிந்து கத்திக்கொண்டு கிடந்ததை வாட்ச்மேன் தாத்தா டீக்கடைப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார், அங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்ததிலிருந்தே வயிறு சரியில்லை. மஞ்சளாக, சளி கலந்து, நாற்றம் தாங்க முடியாத பேதி. முதுகெலும்பு விரலில் தட்டுப்படும் அளவுக்கு மெலிவு, வயிறு மட்டும் உப்பி நிற்கும். தெருவில் கிடந்த குட்டி, வயிற்றில் பூச்சி இருக்கும் என்று அதையாவது ஊகிக்க முடிந்தது. என்னைத் தூங்க விடாமல் செய்தது மற்ற விஷயங்கள்தான். கழிப்பதற்காகத் தட்டில் போட்டிருந்த கேட் லிட்டரைக் கடித்துத் தின்றது. பால்கனிச் சுவரில் பெயர்ந்து நின்ற சுண்ணாம்பை நக்கியது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒரு வாய் குடிக்காது. திடீரென்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும், எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. சாப்பாடு வைத்தால் உறுமிக்கொண்டே விழுங்கும். இடையிடையே பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும். பேதி மட்டும் என்றால் பேதிக்கு மருந்து கேட்கலாம், இது அத்தனையையும் ஒரே மூச்சில் யாரிடம் சொல்வது, சொன்னால் பொறுமையாகக் கேட்பார்களா என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

முதலில் காட்டியது வேறு ஓர் இடத்தில், பெயர் வேண்டாம். எடை போடவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை. "லூஸ் மோஷனா? சரி, பிடிங்க" என்று இரண்டு ஊசி, ஒரு சிரப், அடுத்த ஆள். என்ன ஊசி என்று கேட்டேன், "வயித்துக்குத்தான்" என்றார்கள், சீட்டில் எழுதித் தரவில்லை. லிட்டர் தின்பதைச் சொன்னபோது "விளையாட்டுக்குப் பண்ணும்" என்று முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சிரப்பைக் கொடுத்ததும் குட்டியின் வாயெல்லாம் நுரை. அம்மா அழுதேவிட்டாள். பேதியும் நிற்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவில் பூனை வளர்க்கிற ஒரு அக்கா சொல்லித்தான் இந்த மாடிப்படி ஏறினோம்.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி எங்களைப் பற்றியது. "உங்க வீட்ல யாரையாவது கடிச்சுதா, பிராண்டிச்சா?" தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டி, நடவடிக்கை வேறு மாறியிருக்கிறது என்றால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது ரேபிஸ் என்று நேராகச் சொன்னார். பயமுறுத்துகிற தொனி இல்லை, ஆனால் மழுப்பவும் இல்லை. என் கையில் ஒரு நகக் கீறல் இருந்தது, ரத்தம் கசிந்த கீறல். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு, தடுப்பூசி அங்கே இலவசம், 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்துப் போடுவார்கள், குட்டி நன்றாகிவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாதே என்றார். தன்னிடம் வந்த நோயாளி பூனைதான், ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவளின் கையையும் பார்த்தார் பாருங்கள், அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. குட்டியிடம் ரேபிஸுக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்பதையும் பார்த்து முடித்தபின் தெளிவாகச் சொன்னார். உதவியாளர் அண்ணன் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார்.

அப்புறம் ஒரு கேள்விப் பட்டியலே வந்தது. எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, என்ன நிறம், ரத்தம் உண்டா, வாந்தியில் என்ன வந்தது, வீட்டில் வேறு பிராணி உண்டா, தரையை எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள், பூ கட்டுகிற நூல் எங்காவது கிடக்குமா. இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புரியவில்லை. குட்டியின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி அடியில் பார்த்தபடியே விளக்கினார். நூலை விழுங்கும் பூனைகளுக்குச் சில சமயம் அது நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு நிற்குமாம், மறுமுனை குடலுக்குள் போய்விடும், குடல் அந்த நூலின் மேலேயே சுருங்கி அறுபட்டுவிடும். ராத்திரி தலையிலிருந்து கழற்றி மேசை மேல் வைக்கிற மல்லிகைச் சரம்தான் நம் வீடுகளில் இதற்கு முக்கியக் காரணம் என்றார். பின்பக்கம் நூல் தொங்கினால் ஒருபோதும் இழுத்துவிடாதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். பூனை வளர்க்கும் வீட்டில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் அம்மா அன்றிலிருந்து பூச்சரத்தை டப்பாவில் போட்டு மூடிவிடுகிறாள்.

எடை 650 கிராம். பல்லைப் பார்த்து வயது இரண்டு மாதத்துக்கு மேலே இருக்காது என்றார், அந்த வயதுக்கு ஏறக்குறைய 900 கிராம் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்த்தார், 101.8, பூனைக்கு அது இயல்புதான் என்றார். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கிள்ளி விட்டார், மெதுவாகத்தான் பழையபடி படிந்தது, அதாவது உடம்பில் நீர் குறைவு. ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்து, நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று என்னையும் பார்க்கச் சொன்னார். ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிக் கிடந்தது. ரோமத்தை விலக்கிக் காட்டினார், சின்னக் கறுப்புத் துகள்கள். ஈரப் பஞ்சில் தேய்த்ததும் அது சிவப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், உள்ளே இருப்பது குட்டியின் ரத்தம். கறுப்புக் குட்டியாக இருந்ததால் வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்து மலப் பரிசோதனை. போன் செய்தபோதே "புதுசா போனதை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். உள்அறையில் ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறார், அவரே ஸ்லைடு போட்டுப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உருண்டை உருண்டையாக, தடித்த ஓடு போட்ட முட்டைகள். உருண்டைப்புழு. தாய்ப்பூனையின் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் புழு இது, அதனால் தெருக்குட்டி என்றாலே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பதில் தப்பில்லை. இதைத் தவிர நாடாப்புழுவும் இருந்தது, அதற்கு மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை. வாலுக்கு அடியில் ரோமத்தில் ஒட்டிக்கொண்டிருந்த, காய்ந்த அரிசி போன்ற துணுக்கைக் காட்டினார். நக்கிக் குளிக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வரும் புழு அது. அதனால் வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு மேலே இருக்கிற பூச்சியை விட்டுவைத்தால் திரும்பத் திரும்ப வரும். தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்ததற்கு அந்த அரிப்புதான் காரணமாக இருக்கும் என்றார்.

லிட்டர் தின்பதும் சுண்ணாம்பை நக்குவதும் ரத்தம் குறைந்த குட்டிகள் செய்கிற வேலையாம். புழுக்கள் உள்ளே சத்தையும் பூச்சி வெளியே ரத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் இந்த உடம்பில் ரத்தம் எங்கே தங்கும்? கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. முந்தின இடத்தில் விளையாட்டு என்று ஒதுக்கித்தள்ளிய அதே விஷயம் இங்கே நோயைக் கண்டுபிடிக்கிற வழியாக இருந்தது. லிட்டரிலும் ஒரு ஆபத்து உண்டு. ஈரம் பட்டால் கட்டியாக உறைகிற வகை, வயிற்றுக்குள் போனால் அங்கேயும் உப்பி உறையும், இத்தனை சின்னக் குடலை அடைத்துவிடலாம். கடையில் எல்லாப் பூனைக்கும் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள், குட்டிக்கென்று கேட்டாலும் அதேதான். நாலு மாதம் ஆகும்வரை கிழித்த செய்தித்தாளே போதும் என்றார். செலவும் மிச்சம்.

தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்காருவதைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறியது. குமட்டலில் அப்படி உட்காரலாம், ஆனால் பூனைகளுக்கு வருகிற பார்வோ நோயிலும் அப்படித்தான் உட்காரும். பேன்லூக்கோபீனியா என்று பெயர், வெள்ளை அணுக்களைச் சரித்துவிடும், தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடக்கூடியது. உடனே கிட் டெஸ்ட் எடுத்தார், பத்து நிமிடத்தில் நெகட்டிவ் என்று வந்தது. நாய்களின் பார்வோவுக்கான கிட்தான் அது, பூனை வைரஸையும் பிடிக்கும், ஆனால் சில நேரம் தவறவிடும், அதனால் இதை மட்டும் நம்பி நான் விட மாட்டேன் என்று சொல்லி ரத்தமும் எடுத்து லேபுக்கு அனுப்பினார். மறுநாள் வெள்ளை அணுக்கள் சரியாக இருப்பதாகத் தகவல் வந்தபோதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம். ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த வைரஸ் வீட்டில் ஒரு வருஷம் வரை உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது, பிளீச்சிங் போட்டுத்தான் துடைக்க வேண்டும், தடுப்பூசி போடாத வேறு குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

மருந்து என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. தோலுக்கு அடியில் சலைன். பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி ஏற்றினார், குளிர்ச்சியாக ஏற்றினால் இந்த எடைக்கு உடம்பே ஜில்லிட்டுவிடுமாம். கழுத்துக்குப் பின்னால் கட்டி மாதிரி நிற்கும், சில மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும், பார்த்துப் பயந்து ராத்திரி போன் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டதால் நாங்கள் பயப்படவில்லை. புழு மருந்து எடைக்குக் கணக்குப் போட்டு, சிரிஞ்சில் அளந்து அவர் கையாலேயே கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடி. மலத்தில் புழுக்கள் நீளமாக, சமயத்தில் நெளிந்துகொண்டே வரும் என்றும் எச்சரித்தார், வந்தது. அப்புறம் சாப்பாட்டில் கலக்க, வயிற்றுக்கு நல்ல கிருமி சேர்க்கிற ப்ரோபயாடிக் பவுடர், இரும்புச் சத்து சொட்டு மருந்து. ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று நானே கேட்டேன். "இப்ப எதுக்கும்மா? புழுவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, வயித்துல இருக்கிற நல்ல கிருமியும் போயிடும். ரத்தம் வந்தா, காய்ச்சல் வந்தா அப்ப பார்க்கலாம்" என்றார். முந்தின சிரப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். கசப்பு மருந்து பட்டால் பூனைக்கு எச்சில் அப்படித்தான் நுரையாகக் கொட்டும், பார்க்கத்தான் பயமாக இருக்கும், விஷம் இல்லை என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவுக்கு அதைக் கேட்க வேண்டியிருந்தது.

தெள்ளுப்பூச்சிக்கு அவர் கொடுத்த முதல் ஆயுதம் பேன் சீப்பு. நம் வீட்டில் தலை வாருவதற்கு வைத்திருக்கிற அதே நெருக்கமான சீப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பது. விரிப்பு, பழைய துணி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைப்பது, ஏனென்றால் முட்டையும் புழுப்பருவமும் அங்கேதான் கிடக்கும். நாய்க்கு விற்கிற பூச்சிப் பவுடரைப் பூனைக்குப் போடவே கூடாது என்று அடித்துச் சொன்னார். பெர்மெத்ரின் என்று டப்பாவில் எழுதியிருந்தால் அது பூனைக்கு எமன், வலிப்பு வந்து செத்துப்போகும். ஒரு கடையில் எனக்கு அந்த வகைதான் எடுத்துக் காட்டியிருந்தார்கள், "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் மேடம்" என்று. தயவுசெய்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மருத்துவ அறைச் சுவரில் மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: பூனைக்கு பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், குழந்தைகளுக்கான சொட்டு மருந்தும் கூடாது. காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பூனையின் கல்லீரலுக்கு அதை முறித்து வெளியேற்றுகிற திறன் மிகக் குறைவு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். பினாயில் விஷயமும் ஏறக்குறைய இதே கல்லீரல் கதைதான். தரையில் பினாயில் போட்டுத் துடைத்திருப்போம், குட்டி அதன் மேல் நடக்கும், அப்புறம் காலை நக்கும். எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, வாந்தி எல்லாம் அதனாலும் வரலாம் என்பதால்தான் தரையை எதால் துடைக்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இப்போது வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என்னைப் போல சைவ வீட்டில் இருந்துகொண்டு பூனை வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அம்மா பாலும் தயிர்சாதமும்தான் வைத்துக்கொண்டிருந்தாள், பூனை என்றால் பால் குடிக்கும் என்பதுதானே தலைமுறை தலைமுறையாக நமக்குத் தெரிந்தது. டாக்டர் அம்மா திட்டவில்லை. தாய்ப்பாலை மறந்த குட்டிகளில் பலவற்றுக்கு மாட்டுப்பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்காது, பேதியை அது இன்னும் கிளறிவிடும், அதனால் பாலை இன்றோடு நிறுத்திவிடலாம் என்றார். தயிர்சாதத்தைப் பற்றி அம்மாவிடம் தனியாகவே பேசினார். "பூனைக்கு மாமிசம் ருசிக்காக இல்லைம்மா. டாரின்னு ஒரு சத்து, நம்ம உடம்பு தானே செஞ்சுக்கும், பூனை உடம்பால தேவையான அளவுக்குச் செஞ்சுக்க முடியாது. அது மாமிசத்துலதான் இருக்கு. கெடைக்கலைன்னா கண்ணு போயிடும், இதயம் பலவீனமாயிடும்." பூனைகளின் இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் ஆராய்ச்சியில் வெளிவந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம்தான் கடையில் விற்கிற பூனை உணவுகளில் அந்தச் சத்தைப் போதிய அளவு சேர்க்க ஆரம்பித்தார்கள்.

சமையலறையில் கோழி வேக வைக்க எங்களால் முடியாது என்றேன். முகம் சுளிக்காமல், குட்டிகளுக்கான ஈர உணவு பாக்கெட்டே போதும், பால்கனியில் தனித் தட்டு, தனி ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வேளைக்குக் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள் என்றார். வயிறு சரியில்லை என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள், இந்த எடையில் சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும் என்றும் சொன்னார். கோழி வேக வைக்கக்கூடிய வீடு என்றால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் வேக வைத்துக் கொடுக்கலாம். குழம்பில் போட்ட துண்டைக் கழுவிக் கொடுப்பது கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அது இன்னும் கேடு. அம்மா இப்போது தன் கையாலேயே அந்தப் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் வைக்கிறாள். அவளிடம் மரியாதையோடு பேசி, சுவாமி அறை, சமையலறை விஷயங்களை எல்லாம் கேட்டு அதற்கேற்ப வழி சொன்னதால்தான் இது நடந்தது. வேறு யாராவது கேலியாக நாலு வார்த்தை பேசியிருந்தால் மிளகு திரும்பவும் கார் பார்க்கிங்குக்கே போயிருக்கும்.

கிளம்பும்போது எப்போது திரும்பி ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்: அரை நாள் சாப்பிடாவிட்டால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஈறு வெள்ளை வெளேரென்று ஆனால், காதும் பாதமும் ஜில்லென்று இருந்தால். மலத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், கிளினிக் முடிந்தபின் ராத்திரி பதில் வந்துவிடும். புழு மருந்து கொடுத்த கொஞ்ச நாளிலேயே மலம் இறுக ஆரம்பித்தது. லிட்டர் ஆசை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, ஈறு ரோஸ் நிறத்துக்கு வர வர அதுவாகவே குறைந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இப்போது போவதே இல்லை, ஜன்னல்தான் அதற்கு எல்லாம்.

குறைகளும் இருக்கின்றன, எழுதாமல் விட்டால் நியாயம் இல்லை. பூனைக்குத் தனியாகக் காத்திருக்கும் இடம் கிடையாது. பக்கத்து நாற்காலியில் ஒரு லாப்ரடார் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 650 கிராம் குட்டி என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு திரை போட்டாலே போதும், நான் நேரிலும் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் கூடையை மெல்லிய துண்டால் மூடிக் கொண்டுபோங்கள், முடிந்தால் படிக்கட்டிலேயே நின்று, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போங்கள். மதியம் போன் எடுப்பதில்லை. ஆபரேஷன் இருக்கிற நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும், இருப்பது ஒரே டாக்டர். மருந்துப் பெயரும் அளவும் எழுதித் தருகிறார், ஆனால் வீட்டில் செய்ய வேண்டிய மற்றதெல்லாம் வாய்ப்பேச்சுதான். இவ்வளவு நல்ல விஷயங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் தனியாக வருகிற வயதானவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும். நான் வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று போனில் குறித்துக்கொண்டேன், அதனால்தான் இத்தனையும் எழுத முடிகிறது.

ராத்திரி சேவை கிடையாது. அவசரம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது, ஸ்கேன், எக்ஸ்ரே, துறை துறையாக டாக்டர்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். நூல் விழுங்கியிருந்தாலோ குடல் அடைத்திருந்தாலோ இந்தச் சின்ன கிளினிக்கில் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மடிப்பாக்கத்திலிருந்து வேப்பேரி தூரம்தான், ஆட்டோ கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கட்டணம் 400 ரூபாய். கிட் டெஸ்ட், ரத்தப் பரிசோதனை, சலைன், மருந்து எல்லாம் சேர்ந்து முதல் தடவை 2,000 ரூபாயைத் தாண்டியது. அதில் கிட்தான் கூடுதல், எடுப்பதற்கு முன்னாலேயே விலையைச் சொல்லி, வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பிரித்தார். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருந்தது. அடுத்த தடவை மலம் மட்டும் பார்த்ததற்குக் கட்டணம் வாங்கவில்லை. ஜிபே உண்டு, மாடியில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, கையில் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் திறந்ததும் போனால் கூட்டம் குறைவு, சனிக்கிழமை சாயங்காலம் தவிர்த்துவிடுங்கள். மலம் எடுத்துப் போவதாக இருந்தால் அன்றைக்குப் போனதாக இருக்கட்டும், லிட்டர் ஒட்டாமல் எடுங்கள். வயிறு முழுசாகச் சரியாகும்வரை தடுப்பூசி போட முடியாது என்று தள்ளி வைத்திருந்தார், இப்போது பார்வோவும் சேர்ந்த முதல் ஊசி போட்டாயிற்று. மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி, அதற்கும் மிளகை இங்கேதான் கூட்டிப்போகிறேன்.